காரில் இருந்த பச்சைப் பேனா

உங்கள் இளம் வக்கீல்கள் சங்கத்தின் செயலாளர் போன வாரம் தொலைபேசியில் அழைத்தார். வக்கீலாகி ஆறு மாதம்தான் ஆகிறதாம். "அங்கிள், உங்க பழைய கேஸ் ஸ்டோரி ஏதாச்சும் எழுதிக் குடுங்களேன், நியூஸ்லெட்டர்ல போடலாம். ரொம்ப அட்வைஸ் மாதிரி மட்டும் வேணாம்லா" என்றார். எழுபத்தைந்தைத் தாண்டிய ஒரு வக்கீலிடம், அதுவும் இரண்டு தவணை சட்டமன்ற உறுப்பினராக வேறு இருந்து தொலைத்தவனிடம், அட்வைஸ் வேண்டாம் என்பது மீன் வேண்டும், வாசம் வேண்டாம் என்பது போலத்தான். இருந்தாலும் முயன்று பார்க்கிறேன்.

நான் ஜெயித்த வழக்குகளை எழுதப்போவதில்லை. அவற்றை நானே பல மேடைகளில் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டேன். இது இரண்டு பேனாக்களைப் பற்றியது. உங்களில் இரண்டு மூன்று பேராவது என்னைப் போல அரசியலுக்குப் போவீர்கள். போன ஆண்டுக்கூட்டத்தில் சிலர் மைக்கைப் பிடித்த விதத்தைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. முக்கியமாக அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கோலசிலாங்கூர் பட்டணத்தில் ஒரு சீன மருந்துக்கடைக்கு மேல்மாடியில் என் அலுவலகம் இருந்தது. ஒரு மேசை, மூன்று நாற்காலி, ஒரு டைப்ரைட்டர், ஒரு குமாஸ்தா. கீழேயிருந்து வேர்களும் பட்டைகளும் கொதிக்கிற வாடை நாள் முழுக்க மேலே வரும். என்னிடம் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் சுற்றுவட்டாரத் தோட்டத்து மக்கள். நானும் தோட்டத்தில் பிறந்தவன்தான். என் அப்பா பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. லயத்து வீட்டில் படித்து வக்கீலானவன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, இப்போதும்.

ஒருநாள் அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு வழக்கு வந்தது. ஸ்டோரில் இருந்த ரப்பர் கட்டிகளைத் திருடியதாக ஓர் இளம் தொழிலாளியைப் போலீஸ் பிடித்திருந்தது. அவன் திருடவில்லை. திருடியது யார் என்பதைப் பார்த்தவர் ஒரே ஒருவர்தான். அதே தோட்டத்தில் பாலுக்காக ரப்பர் மரம் வெட்டும் மாரியாயி அக்கா. அப்போது அவருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. புருஷன் இல்லை. ஒரே மகன் ரவாங்கில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தான். விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் போகும் வழியில், ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் ஆளே கட்டிகளை ஒரு லோரியில் ஏற்றுவதை அக்கா பார்த்திருக்கிறார். அந்த ஆள் தோட்டத்துத் துரைக்கு வேண்டியவன். அதைக் கோர்ட்டில் சொன்னால் தனக்கு என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

"வருவீங்களா அக்கா?" என்று கேட்டேன்.

"பார்த்ததப் பார்த்தேன்னு சொல்றதுக்கு என்னங்க ஐயா? வர்றேன்" என்றார்.

வழக்கை நடத்திய போலீஸ் அதிகாரி கெட்டிக்காரர். மொழிபெயர்ப்பாளர் வழியாக அக்காவை மடக்கப் பார்த்தார். அது விடியாத நேரம், ஸ்டோர் பக்கம் விளக்கும் இல்லை, இருபதடி தள்ளி நின்ற ஆளின் முகம் உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார். அக்கா கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"ஐயா, முப்பது வருசமா நான் அந்த இருட்டுலதான் மரம் வெட்டறேன். பட்டைய மட்டும் சீவணும். கத்தி மரத்துல பட்டுச்சுன்னா மேல்பார்வ பார்க்கற மண்டோரு மானத்த வாங்கிருவாரு. ஒரு நாளைக்கு நானூறு ஐந்நூறு மரம். ஒரு மரத்துக்கும் காயம் படாம வெட்டற கண்ணுக்கு ஒரு மனுசன் மூஞ்சி தெரியாதுங்களா?"

மொழிபெயர்ப்பாளர் அதை மலாயில் சொல்லி முடித்ததும் மாஜிஸ்திரேட் எழுதுவதை நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தார். அந்தப் பையன் விடுதலையானான். தமிழ்ப் பத்திரிகையில் என் படம் வந்தது. வழக்கை ஜெயித்தது மாரியாயி அக்கா, படம் மட்டும் என்னுடையது. இரண்டு மாதத்தில் அவரை வீட்டிலிருந்து வெகுதூரத்தில் சதுப்புப் பக்கம் இருந்த மரங்களுக்கு மாற்றிவிட்டார்கள். அதை அவர் என்னிடம் சொல்லவே இல்லை. வேறு ஆட்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தப் படம் வந்த பிறகுதான் கட்சிக்காரர்கள் என் மாடிப்படி ஏறினார்கள். அடுத்த தேர்தலில் நின்றேன், ஜெயித்தேன், 'வைபி', அதாவது மாண்புமிகு, ஆனேன். எனக்கு முன்னால் அந்தத் தொகுதியில் இருந்தவர் முட்டிவலியால் ஒதுங்கியிருந்தார். பெயர் வேண்டாம். நல்ல மனிதர், சிரிக்கச் சிரிக்கப் பேசுவார், எல்லாருடைய பிள்ளைகளின் பெயரும் அவருக்குத் தெரியும். தஞ்சோங் காராங்கில் ஒரு கோப்பிக்கடைக்கு என்னை வரச் சொன்னார். மீ கோரேங்கைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து இரண்டு பேனாக்களை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று நீலம், ஒன்று பச்சை.

"தம்பி, சனிக்கிழமை காலையில உன் வாசல்ல அறுபது பேரு நிப்பாங்க. அறுபது பேருக்கும் சப்போட் லெட்டர் வேணும். ஒருத்தனுக்கு டேக்சி லைசன்ஸ், ஒருத்தனுக்குப் பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப், ஒருத்தனுக்கு நிலம். அதுல ஆறு பேருக்குத்தான் ஏதாச்சும் நடக்கும். மிச்ச அம்பத்துநாலு பேருகிட்ட இல்லன்னு சொல்லப்போறியா?"

"பின்ன என்னண்ணே செய்யறது?"

"எல்லாருக்கும் குடு. நடக்க வேண்டியதுக்குப் பச்சையில போடு. மத்ததுக்கு நீலத்துல போடு. ஆபீஸ்காரங்ககிட்ட முன்னாலயே சொல்லி வெச்சிரு. நீ வாயால இல்லன்னு சொல்லவே வேணாம். அத மை பார்த்துக்கும்."

எனக்கு அது உறுத்தவில்லை என்று சொன்னால் பொய். உறுத்தியது. ஏறக்குறைய ஒரு மாதம் உறுத்தியது. ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் அதில் எழுதியிருப்பதற்கு நீதான் பொறுப்பு என்று படித்து வந்தவன் நான். ஆனால் முதல் இரண்டு சனிக்கிழமைகளில் நான் சிலரிடம் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர்கள் முகம் போன போக்கையும் அதன் பிறகு கட்சிக் கிளையில் எழுந்த பேச்சையும் என்னால் தாங்க முடியவில்லை. மூன்றாவது வாரம் அலுவலகம் அலுவலகமாகப் போய்ச் சொல்லி வைத்தேன். பச்சை வந்தால் கவனியுங்கள், நீலம் வந்தால் கோப்பில் போட்டுவிடுங்கள். அதிகாரிகளுக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகள் இனிமையாகக் கழிந்தன. யாரும் வெறுங்கையோடு திரும்பவில்லை. கோபித்துக்கொண்டு போன பெண்டாட்டியை அனுப்பி வைக்கச் சொல்லி மாமனாருக்கு ஒரு சப்போட் லெட்டர் கேட்டவர்கூட உண்டு. அவருக்கும் கொடுத்தேன், நீலத்தில்தான். ஒரு விஷயம் மட்டும் எனக்கு விசித்திரமாக இருந்தது. நான் பேசும்போது பலர் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். தோட்டத்து மக்களின் பணிவு அது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு கூட்டத்தில் அந்தப் பணிவைப் புகழ்ந்துகூடப் பேசியிருக்கிறேன்.

என் முதல் தவணை முடியப்போகும் சமயத்தில் வீட்டு நிலத்திட்டம் ஒன்று வந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறும் தொழிலாளர்களுக்கு ஆளுக்கொரு சிறிய துண்டு நிலம், வீடு கட்டிக்கொள்ள. உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது, தோட்டத்தில் ஐம்பத்தைந்து வயதானால் வேலையும் போகும், வீடும் போகும். லயத்து வீடு கம்பெனி வீடு. கடைசி நாளன்று பூட்டிச் சாவியைத் தோட்ட ஆபீஸ் கிராணியிடம் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். மாரியாயி அக்காவுக்கு இன்னும் ஒரு வருடம்கூட இல்லை.

ஒரு சனிக்கிழமை வந்து என் எதிரே உட்கார்ந்தார். "மகன் ரவாங்குல ஒரு ரூம்புல இருக்கான். பொண்டாட்டி, ரெண்டு பிள்ளைங்க. அதுல நான் எங்க போய் நிக்கறது ஐயா? பெரிய வீடெல்லாம் வேணாங்க. சாவியத் திருப்பிக் கேக்காத வீடா இருந்தாப் போதும்."

அதில் ஒரு சிக்கல் இருந்தது. அக்கா இந்த மண்ணில் பிறந்தவர். ஆனால் பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்டுவிட்டார்கள். கையில் இருந்தது சிவப்பு அடையாள அட்டை, சிவப்பு ஐசி. இங்கே தங்கலாம், குடிமகள் இல்லை என்று பொருள். சிவப்பு அட்டைக்காரர்களுக்கு அந்தத் திட்டத்தில் இடம் உண்டா என்பது தெளிவாக எழுதப்படவில்லை. சட்டமன்ற உறுப்பினர் அழுத்திச் சொன்னால் பரிசீலிப்பார்கள், இல்லாவிட்டால் ஒதுக்கிவிடுவார்கள். ஆகவே அவருக்கு என் கடிதம்தான் எல்லாம். நானே வாசகத்தைச் சொல்லி, குமாஸ்தாவை நன்றாக டைப் செய்து வைக்கச் சொன்னேன். அன்றைக்கு டைப்ரைட்டர் ரிப்பன் தீர்ந்து போயிருந்ததால் கடிதம் உடனே தயாராகவில்லை.

அடுத்த வாரம் முழுக்க நான் கோலாலம்பூரில் இருந்தேன். அதற்கடுத்த திங்கள் முதல் ஷா ஆலாமில் சட்டமன்றக் கூட்டம். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அந்த வாரத்து வியாழன். இடையில் இருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று ஜெராம் பக்கம் ஒரு தோட்டத்தில் மண்டபத் திறப்பு விழா, மந்திரி வருகிறார். அங்கே போய்க் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று என் குமாஸ்தா அக்காவிடம் கடிதத்தைக் கொடுத்து அனுப்பியிருக்கிறான்.

நல்ல வெயில். பத்திக் சட்டை போட்டிருந்தேன். அதில் ஒரே ஒரு பை, அதில் ஒரே ஒரு நீலப் பேனா, வருகையாளர் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவதற்காக. பச்சைப் பேனா காரில், முன்பக்கப் பெட்டிக்குள் இருந்தது. கார் ஒரு செம்பனை மரத்தடியில் நின்றது. நடந்தால் முப்பது நாற்பது எட்டு. மாலைகள் வைத்திருந்த மேசையருகே நான் நின்றபோது அக்கா வந்தார். புடவையை இழுத்துச் செருகியிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"உங்க ஆபீஸு கிராணித் தம்பி டைப் அடிச்சிக் குடுத்திருச்சுங்க. உங்க கையெழுத்து மட்டுந்தான் பாக்கி."

"பஸ்ஸுலயா வந்தீங்க?"

"ரெண்டு பஸ்ஸு. அப்புறம் பஸ்ஸு நிக்கற சடக்குலேர்ந்து உள்ளார நடந்துட்டேன். பரவால்லங்க."

கடிதத்தையும் அதன் கார்பன் நகலையும் மேசைமேல் வைத்தேன். பையிலிருந்த பேனாவை எடுத்தேன். அது நீலம் என்பது எனக்குத் தெரியும். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். அவசரத்தில் மறந்துவிட்டேன் என்று நான் சொல்லவில்லை. பேனாவின் மூடியைக் கழற்றும்போதே தெரியும். காருக்குப் போய்வர ஒரு நிமிடம். மந்திரியின் கார் எந்த நேரமும் திரும்பலாம். மாலை போட நான் அங்கே இல்லாவிட்டால் கிளைத்தலைவர் போட்டுவிடுவார். மறுநாள் ஆபீஸுக்கு ஒரு போன் செய்து சொல்லிவிட்டால் போகிறது என்று நினைத்தேன். இவ்வளவையும் ஒரு நொடியில் கணக்குப் போட்டு, முதல் தாளில் கையெழுத்துப் போட்டேன்.

"ஐயா, வேற பேனா இல்லீங்களா?" என்றார் அக்கா.

"இது நல்லாத்தான் எழுதும் அக்கா" என்று சொல்லி நகலிலும் போட்டேன்.

அவர் அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஏதோ சொல்ல வந்தவர் போலத் தெரிந்தது. அதற்குள் கொம்பாங் மேளம் ஆரம்பித்துவிட்டது, மந்திரி கார் வளைவில் திரும்பியது. "போய்ட்டு வாங்க அக்கா, நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

"சரிங்க ஐயா. நீங்க பார்த்துக்குவீங்க" என்றார்.

திங்கட்கிழமை காலை சட்டமன்றத்தில் தொடக்கச் சடங்கு, படம் எடுப்பது என்று ஏதேதோ இருந்தன. செவ்வாய்க்கிழமை எனக்குப் பேச நேரம் கொடுத்தார்கள். தோட்டத் தொழிலாளர்களின் வீட்டுப் பிரச்சினையைப் பற்றிப் பேசினேன். நன்றாகவே பேசினேன். நடுவில், சாவியைத் திருப்பிக் கேட்காத ஒரு வீடு இந்த மக்களுக்கு வேண்டும் என்று மலாயில் சொன்னபோது இரண்டு பக்கத்து உறுப்பினர்களும் மேசையைத் தட்டினார்கள். அது யாருடைய வாக்கியம் என்று எனக்கு நினைவிருந்தது. அந்த வாக்கியத்தைச் சொன்னவருக்காக நான் செய்ய வேண்டிய போன்தான் நினைவுக்கு வரவில்லை. புதன்கிழமை பாராட்டுகளில் போனது. வியாழன் எப்போது வந்து எப்போது போனது என்றே தெரியவில்லை.

நாலைந்து மாதம் கழித்து, நிலம் கிடைத்தவர்களின் பட்டியல் தயாராகிவிட்டது என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் தவறு அங்கே நடக்கவில்லை. மேலிருந்து கீழே மூன்று முறை படித்தேன். மாரியாயி அக்காவின் பெயர் இல்லை. அங்கிருந்த மலாய் அதிகாரி வயதில் என்னைவிட மூத்தவர், ஒழுங்கானவர். அலமாரியைத் திறந்து இரண்டு கோப்புகளை எடுத்தார். ஒன்று மெலிதாக இருந்தது. இன்னொன்றைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். கட்டை அவிழ்த்து அக்காவின் கடிதத்தைத் தேடி எடுத்து என் முன்னால் வைத்தார்.

"வைபி, இது நீலம்" என்றார் மெதுவாக. குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. நீங்கள் சொன்னபடிதான் செய்திருக்கிறோம் என்று சொல்கிற குரல்.

"இது பச்சையில் இருந்திருக்க வேண்டியது" என்றேன்.

"அது எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். சிவப்பு அட்டைக்காரர்கள் மூன்று பேருக்கு அந்தப் பட்டியலில் நிலம் கிடைத்திருந்தது. மூன்றும் பச்சைக் கடிதங்கள். அக்காவின் விண்ணப்பம் குழுவின் மேசைக்கே போகவில்லை. துண்டுகள் எல்லாம் தீர்ந்துவிட்டன, கிடைத்தவர்களுக்கு அறிவிப்புக் கடிதங்களும் போய்விட்டன என்றார். அந்தத் தடித்த கோப்பைக் கொஞ்சம் புரட்டினேன். ஒவ்வொரு தாளிலும் என் கையெழுத்து. சில பெயர்கள் நினைவிருந்தன, பல பெயர்கள் நினைவில்லை. மேலே புரட்ட முடியாமல் மூடிக் கொடுத்துவிட்டேன்.

நான் சும்மா இருந்துவிடவில்லை. மேலே இரண்டு பேரைப் பார்த்தேன். அடுத்த திட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். விடாமல் பிடித்திருந்தால் ஏதாவது செய்திருப்பார்களோ என்னவோ. ஆனால் விடாமல் பிடிக்க வேண்டுமென்றால், ஏன் அந்த விண்ணப்பம் ஒதுக்கப்பட்டது என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் என் கடிதங்களில் முக்கால்வாசி வெறும் தாள் என்பது வெளியே வந்துவிடும். தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் விடாமல் பிடிக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சிவப்பு அட்டைக்காரர்களுக்கு ஓட்டு இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காருக்கு நடக்காமல் நின்றபோது அது என் மனத்தின் ஏதோ ஒரு மூலையில் இருந்ததா? நாற்பது வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இல்லை என்று உறுதியாகச் சொல்ல இன்றுவரை முடியவில்லை. எனக்கு அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மாதக் கடைசியில் அக்கா சாவியைக் கொடுக்க வேண்டும். அதற்கு நான்கு நாள் முன்பு உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து லயத்துக்குப் போனேன். பாத்திரங்களை அரிசிச் சாக்கில் கட்டி வைத்திருந்தார். என்னை ஒரே ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, கிளாசில் கோப்பியும் தட்டில் பிஸ்கட்டும் கொண்டு வந்து வைத்தார்.

"கெடைக்கல அக்கா" என்றேன்.

"கேள்விப்பட்டேங்க" என்றார். பிறகு எதிரே தரையில் உட்கார்ந்து என் முகத்தை நேராகப் பார்த்தார். "நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க. அப்புறம் ஏன் ஐயா கெடைக்கல?"

எத்தனையோ சாட்சிகளை நான் குறுக்கு விசாரணை செய்திருக்கிறேன். யாரையும் அவ்வளவு எளிமையாக ஒரு கேள்வி கேட்டதில்லை. காரில் வரும்போது தயார் செய்துகொண்ட வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்தது. வாயில் வந்தது வேறு.

"ஆபீஸுல முடிவு பண்ணிட்டாங்க அக்கா. செவப்பு ஐசின்னு ஒதுக்கிட்டாங்க."

அவர் கிளாசை என் பக்கம் நகர்த்தினார். "சரிங்க ஐயா. கோப்பி ஆறுது, குடிங்க" என்றார். குடித்துவிட்டு வந்தேன். அந்த மாதமே அக்கா ரவாங்கில் மகனுடைய அந்த ஒற்றை அறைக்குப் போய்விட்டார். சில மாதத்தில் தேர்தல் வந்தது. முன்னைவிட அதிக ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தேன். அதற்குப் பிறகு பச்சைப் பேனாவை எப்போதும் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டேன். என் புத்தி அவ்வளவு தூரம்தான் போனது. நீலப் பேனாவைத் தூக்கி எறிய வேண்டும் என்று தோன்றவில்லை.

இரண்டாவது தவணை முடியப்போகும் சமயத்தில் அக்காவின் மகன் சேகர் என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார். அம்மா இறந்து ஒரு மாதமாகிறது என்றார். அடையாள அட்டையிலும் இறப்புப் பத்திரத்திலும் பிறந்த வருடம் வேறு வேறாக இருந்ததால் ஒரு சத்தியப் பிரமாணம் தேவைப்பட்டது. அம்மாவின் பிளாஸ்டிக் பையை அப்படியே கொண்டு வந்திருந்தார். சிவப்பு அட்டை, தோட்டத்தில் கொடுத்த வேலைச் சான்று, அதற்கு அடியில் நான்காக மடித்த அந்தக் கார்பன் நகல். அதைப் பிரித்துப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து, இரண்டு பேனாக்களையும் பற்றி அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"அம்மாவுக்குத் தெரியுங்க சார்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. என்ன தெரியும் என்று கேட்டேன்.

"பச்சை நீலம் வெவரம். லயத்துல எல்லாருக்குமே தெரியும் சார். யாரு லெட்டர் நடந்துச்சு, யாருது நடக்கலன்னு பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா தெரிஞ்சிருமே. சனிக்கெழம உங்களப் பார்த்துட்டு வர்றவங்கள மொதல்ல கேக்கறதே பச்சையா நீலமான்னுதான்."

அப்போதுதான் அந்தச் சனிக்கிழமைகள் எல்லாம் என் கண் முன்னால் வந்தன. அவர்கள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது எதற்காக என்று புரிந்தது.

"தெரிஞ்சிருந்தும் அக்கா ஏன் என்கிட்டக் கேக்கல?"

"கேட்டாங்களாம் சார். வேற பேனா இல்லீங்களான்னு." சேகர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அதுக்கு மேல எப்படிக் கேக்கறது? அன்னிக்கு ரவாங்குக்கு வந்து எங்ககிட்டச் சொன்னாங்க. ஐயா அவசரத்துல நீலத்துல போட்டுட்டாரு, எனக்கு நீலத்துல போடறவரு இல்ல அவரு, நாளைக்கே ஆபீஸுக்குப் போன் பண்ணிச் சொல்லிருவாருன்னு. பட்டியல் வர்ற வரைக்கும் அதையேதான் சொல்லிட்டிருந்தாங்க."

நான் என்ன நினைத்தேனோ அதை அப்படியே படித்திருக்கிறார். நான் அதைச் செய்யாமல் விடுவேன் என்பதை மட்டும் அவரால் நினைக்க முடியவில்லை.

"நீங்க லயத்துக்கு வந்தீங்கள்ல சார், அன்னிக்கு மறந்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிருவீங்கன்னு இருந்தாங்க. சொன்னா பரவால்ல ஐயான்னு சொல்லணும்னு மனசுல வெச்சிருந்தாங்களாம். நீங்க வேற சொல்லிட்டுப் போய்ட்டீங்க. அதுக்கப்புறம் உங்களப் பத்தி வீட்டுல பேசறதில்ல. யாராச்சும் திட்டுனா மட்டும், நல்லவருதான், விடுங்கன்னுவாங்க."

சத்தியப் பிரமாணத்தை நானே டைப் செய்து கொடுத்தேன். சேகர் வாசித்துக் கையெழுத்துப் போட்டார். பையில் எல்லாவற்றையும் எடுத்து வைத்தவர், அந்த நகலை மட்டும் மேசையிலேயே விட்டார். எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "இது உங்க லெட்டருதானே சார், நீங்களே வெச்சிக்கங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். அடுத்த தேர்தலில் நான் நிற்கவில்லை. உடல்நிலை காரணம் என்று பத்திரிகையில் வந்தது.

அட்வைஸ் வேண்டாம் என்று சொன்னீர்கள். ஒன்றே ஒன்றைப் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் வருபவர்களிடம் முடியாது என்றால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். கோபிப்பார்கள், திட்டுவார்கள், அடுத்த வக்கீலிடம் போவார்கள். போகட்டும். தவறு செய்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். உங்களைவிட எதிரே உட்கார்ந்திருப்பவருக்குக் கண் நன்றாகத் தெரியும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். எனக்கு அது கோர்ட்டிலேயே தெரிந்திருக்க வேண்டியது.

அந்த நகல் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. கார்பன் எழுத்து மங்கிவிட்டது, ஆனால் நான் அன்று சொல்லச் சொல்லக் குமாஸ்தா அடித்த மலாய் வாசகத்தை இன்னும் படிக்க முடிகிறது. இந்தப் பெண்மணியை நான் நேரில் அறிவேன், இவர் உண்மையானவர், இவருடைய விண்ணப்பத்தை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன் என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே நீல மையில் என் கையெழுத்து.